கிறிஸ்டிங்கிள் ஆராதனை: சாத்துக்குடியில் மெழுகுவர்த்தி நிற்குமா?

கல்மண்டபம் சண்டே ஸ்கூல் கேட்டது:

ஸ்தோத்திரம். ராயபுரம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் ஞாயிறு பள்ளிக்காகக் கேட்கிறேன். இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் கிறிஸ்துமஸை ஒட்டிப் பிள்ளைகளுக்கென்றே 'கிறிஸ்டிங்கிள்' என்று ஓர் ஆராதனை நடத்துகிறார்கள். ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன், உச்சியில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் நாலு குச்சிகளில் உலர்ந்த பழமும் மிட்டாயும். ஆலயத்து விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் அதை ஏந்தி நின்று பாடுவார்கள். இந்த வருஷம் நம் சபையிலும் செய்யலாம் என்று சபையை நிர்வகிக்கிற பாஸ்டரேட் கமிட்டி சம்மதித்திருக்கிறது.

பிள்ளைகள் 110 பேர், 3 வயது முதல் 15 வயது வரை. ஆலயத்தின் உள்ளளவு 25 மீட்டருக்கு 12 மீட்டர். எந்தப் பழம் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது செய்து வைப்பது என்று தெரிய வேண்டும். நெருப்பு விஷயத்தில் பெற்றோருக்குப் பயம் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். அதோடு, இதன் அர்த்தத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, டிசம்பரில் எந்த நாளில் வைப்பது என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

முதலில் பழம். பார்க்க அழகாக இருக்கிறது என்று கமலா ஆரஞ்சு வாங்கிவிடாதீர்கள் சிஸ்டர். அதன் தோல் சுளையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். மெழுகைக் குத்தினால் தோலில் மட்டும் நிற்கும், பிள்ளை நாலு அடி நடப்பதற்குள் சாய்ந்துவிடும். இங்கிலாந்தில் பயன்படுத்துவது தோல் இறுகிய ஆரஞ்சு. நம் ஊரில் அந்த வேலைக்கு ஏற்றது சாத்துக்குடிதான். நிறம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தாலும் பிடிமானம் உறுதி. அமுக்கினால் குழியாத கெட்டிக் காயாகப் பாருங்கள். நன்றாகப் பழுத்தது குத்தின இடத்தில் சாறு விடும், மெழுகு வழுக்கும்.

ஏறக்குறைய 200 கிராம் உள்ள காய், கிலோவுக்கு 5 நிற்கும். 110 பிள்ளைகளுக்கு 125 செய்யுங்கள். உடைவது, கீழே விழுவது, கடைசி நிமிஷத்தில் கைப்பிடித்து வரும் தம்பி தங்கைகள் எல்லாருக்கும் சேர்த்து அந்தக் கணக்கு. ஆக 25 கிலோ. மொத்தமாகக் கோயம்பேட்டில் எடுத்தால் ஒரே அளவில் பொறுக்கித் தரச் சொல்லுங்கள். சின்னதும் பெரிதும் கலந்தால் ரிப்பன் அளவு தவறிப்போகும்.

200 கிராம் காயின் சுற்றளவு சுமார் 23 செ.மீ. ஒட்டுவதற்கு 3 செ.மீ. சேர்த்து 26 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 125-க்கு 32.5 மீட்டர் வேண்டும், 35 மீட்டராக வாங்கிவிடுங்கள். சாட்டின் ரிப்பனைப் பழத்தோலில் செலோடேப் பிடிக்காது, தோலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. குண்டூசி வேண்டவே வேண்டாம், இது பிள்ளைகள் சாப்பிடப் போகிற பழம். ரிப்பனின் ஒரு முனையை மறுமுனை மேல் ஏற்றி, ரிப்பனோடு ரிப்பனை டபுள் சைட் டேப்பால் ஒட்டினால் போதும். இன்னும் சுலபம் எலக்ட்ரிகல் கடையில் விற்கும் சிவப்பு இன்சுலேஷன் டேப். இழுத்துச் சுற்றினால் தானே பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் வியர்த்துவிடும், அதன் பிறகு எந்த டேப்பும் நிற்காது. கழுவி, துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் உலர்த்தி அப்புறம் சுற்றுங்கள்.

மெழுகு 10 செ.மீ. உயரம், விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைவாக, 1.2 செ.மீ. இருந்தால் சரி. பிறந்தநாள் கேக் மெழுகு நிமிஷத்தில் கரைந்துவிடும். கரண்ட் போனால் ஏற்றும் தடி மெழுகு பழத்தைப் பிளந்துவிடும். பழத்தின் உச்சியில் கூட்டல் குறி மாதிரி கத்தியால் கீறுங்கள். கீறல் மெழுகின் தடிமனைவிட ஒரு நூல் குறைச்சலாக இருக்கட்டும். சுளையைத் தோண்டி எடுக்க வேண்டாம், தோண்டினால் பள்ளத்தில் சாறு தேங்கி மெழுகு ஆடும். மெழுகின் அடியைக் கத்தியால் கொஞ்சம் கூராகச் சீவிவிட்டு 3 செ.மீ. உள்ளே போகிற மாதிரி நேராக அழுத்துங்கள்.

அழுத்துவதற்கு முன் 10 செ.மீ. சதுர அலுமினிய ஃபாயிலைக் கீறலின் மேல் வைத்து, அதையும் சேர்த்தே மெழுகைக் குத்துங்கள். ஓரங்களைக் கிண்ணம் மாதிரி மேலே மடித்து விடுங்கள். சொட்டுகிற மெழுகு பிள்ளையின் கையில் விழாமல் தடுப்பது இந்த ஒரு ஃபாயில்தான், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 30 செ.மீ. அகல 9 மீட்டர் ரோல் ஒன்றில் 270 சதுரம் வரும், ஒரு ரோல் தாராளம்.

பல் குச்சி பழத்துக்கு 4, மொத்தம் 500. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு: ஒரு பெரிய கிஸ்மிஸ், ஒரு டூட்டி ஃப்ரூட்டி அல்லது பேரீச்சைத் துண்டு, நுனியில் ஒரு ஜெல்லி மிட்டாய். நுனியில் ஜெல்லி இருந்தால் கூர் வெளியே தெரியாது, கண்ணில் குத்தும் பயம் இல்லை. மொத்தம் 1500 துண்டு. முந்திரி, வேர்க்கடலை வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். கெட்டி மிட்டாயும் முழுப் பச்சைத் திராட்சையும் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். குச்சிகளை ரிப்பனுக்குச் சற்று மேலே வெளிப்பக்கம் சாய்த்துக் குத்துங்கள். நேரே மேலே நிமிர்த்தினால் சுடருக்கு நெருங்கிப் போகும்.

எப்போது செய்வது என்றால், சாயங்கால ஆராதனைக்கு அன்று மதியம். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் கீற, ஒருவர் ரிப்பன் சுற்ற, ஒருவர் ஃபாயில் வைக்க என்று கைமாற்றினால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். முந்தின நாள் இரவே குச்சியில் பழம் கோத்து வைத்தால் காலையில் எறும்புதான் ஆராதனை நடத்தும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் முன்கூட்டிச் செய்ய வேண்டுமானால் மேஜையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள். செய்து முடித்த ஒவ்வொன்றையும் ஒரு பேப்பர் டீ கப்பில் உட்கார வைத்தால் உருளாது, குச்சிகளும் ஒன்றோடொன்று மோதாது.

போன வருஷம் மிஞ்சிய மெழுகு பீரோவில் இருந்தால் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். மே மாத வெயிலில் வளைந்திருக்கும். வளைந்த மெழுகு ஒரு பக்கமாகவே வடியும்.

காசிமேடு கடற்காற்று:

டீச்சர் சொன்னது செய்முறை. நான் நெருப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

110 பேர் கையிலும் எரிகிற மெழுகு கொடுக்காதீர்கள். 8 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் ஏற்றட்டும். அதற்குக் கீழே உள்ளவர்களின் பழத்தில் மெழுகு இருக்கட்டும், சுடர் வேண்டாம். அவர்களுக்குப் பேட்டரி விளக்கு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்கினால் அடிமூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். சும்மா நகத்தால் திறக்கிற வகையில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். மெழுகைவிட அதுதான் பெரிய ஆபத்து.

பிள்ளைகளைப் பெஞ்சு வரிசையில் நிற்க வைத்து ஏற்றக் கூடாது. விபத்து பெரும்பாலும் நடப்பது அங்கேதான்: பின்னால் நிற்பவன் கையில் உள்ள சுடர், முன்னால் நிற்பவள் பின்னலில். இங்கிலாந்துச் சபைகளில் பிள்ளைகள் ஆலயத்தின் உட்சுவரை ஒட்டி வட்டமாக, முகம் உள்நோக்கி நிற்பது வழக்கம். அதில் அழகு இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது, யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. உங்கள் ஆலயத்தின் உட்சுற்றளவு 74 மீட்டர். கதவுகளையும் ஆல்டர் (பலிபீடம்) பக்கத்தையும் கழித்தால் 60 மீட்டர் தேறும். ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால் 60 பிள்ளைகள். 8 வயதுக்கு மேல் அதைவிட அதிகம் பேர் இருந்தால் நடு வழியில் ஒரே ஒரு வரிசை நிறுத்துங்கள், இரண்டாவது வரிசை வேண்டாம். சுவரோர ஜன்னல் திரைகளை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டும் கலர் பேப்பர் தோரணம் தலைக்கு மேல் தொங்கினால் அன்றைக்கு அவிழ்த்துவிடுங்கள்.

உடைதான் நம் ஊரில் தனிக் கவலை. கிறிஸ்துமஸ் மாதம் என்றால் பெண் பிள்ளைகளுக்கு நெட் வைத்த ஃப்ராக், நைலான் கை. பிடித்தால் ஒரு நொடியில் உருகித் தோலோடு ஒட்டும். முந்தின ஞாயிறே சீட்டில் எழுதிக் கொடுங்கள்: பருத்தி உடை, துப்பட்டா வேண்டாம், முடியைப் பின்னிக் கட்ட வேண்டும், ஹேர் ஸ்ப்ரே கூடாது. அன்றைக்கு நெட் ஃப்ராக்கோடு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வராது. அந்தப் பிள்ளைக்கு ஏற்றாத பழத்தைக் கொடுத்து, பைபிள் வாசிக்கவோ காணிக்கைப் பை பிடிக்கவோ வையுங்கள்.

கடலோரச் சபைகளில் காற்று இன்னொரு தொல்லை. கிழக்கு ஜன்னல்களைச் சாத்துங்கள். ஏற்றுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். சுவிட்சுப் பலகைக்கு அந்த வேலைக்கென்றே ஒரு ஆள் நிற்க வேண்டும். ஃபேன் ஓடினால் மெழுகு ஒரு பக்கம் வடிவதோடு சுடர் பிள்ளையின் முகத்துப் பக்கம் சாயும். டிசம்பர் சாயங்காலத்தில் பத்து நிமிஷம் ஃபேன் இல்லாமல் உட்காரலாம்.

ஏற்றும் முறையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பழக்குங்கள். எரிகிற மெழுகை எப்போதும் நேராகவே பிடிக்க வேண்டும், எரியாததைத்தான் அதனிடம் சாய்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் உருகிய மெழுகு மொத்தமும் அடுத்தவர் கையில் கொட்டும். ஆல்டரில் இருந்து பெரியவர்கள் நாலு பேர் நாலு மூலைக்குச் சுடர் கொண்டுபோகட்டும், அங்கிருந்து கைமாறட்டும். எரிவது ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், மொத்தம் ஐந்து நிமிஷம். நீண்டால் சின்னக் கை வலித்துச் சாயும். அணைக்கும்போது ஊதச் சொல்லாதீர்கள், மெழுகு தெறிக்கும். பெரியவர்கள் சின்ன எவர்சில்வர் டம்ளரால் கவிழ்த்து அணைத்தபடி வரலாம்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். நாலு மூலையிலும் தண்ணீர் வாளி, நனைத்த பருத்தித் துண்டு. தீயணைப்பு சிலிண்டர் எங்கே இருக்கிறது, தேதி முடிந்துவிட்டதா என்று முந்தின நாள் பாருங்கள். விளக்கை முழுதும் அணைக்காமல் பக்கவாட்டுக் கதவுகளுக்கு மேலே ஒவ்வொன்று எரியட்டும், மூடிய கதவு ஒன்றும் இருக்கக் கூடாது. சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடிக்க வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம்.

பெரம்பூர் லோகோ:

வரலாறும் முறையும் நாளும் என் பங்கு.

1747 டிசம்பரில், ஜெர்மனியின் மரியன்பார்ன் என்ற இடத்தில் மொராவியத் திருச்சபை என்ற பழைய புராட்டஸ்டன்ட் சபையின் பிள்ளைகள் ஆராதனையில் யோஹன்னஸ் டி வாட்டேவில் என்ற போதகர் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு ரிப்பன் சுற்றி ஏற்றிய மெழுகு ஒன்றைக் கொடுத்தார். அங்கே ஆரம்பம். ஆரஞ்சு அப்போது இல்லை. மூன்று ஏழைப் பிள்ளைகள் காணிக்கைக்கு ஒன்றும் இல்லாமல் ஆரஞ்சை அலங்கரித்துக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள், வரலாறு என்று சொல்லாதீர்கள். இதே மொராவியர் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியவர்கள், அதனால் நம் தேசத்துக்கு முழுக்க அந்நியமான கூட்டமும் அல்ல.

இங்கிலாந்துத் திருச்சபைக்குள் இது பரவியது 1968-ல். 1881-ல் தொடங்கிய 'சில்ட்ரன்ஸ் சொசைட்டி' என்ற பிள்ளைகள் நல அமைப்புக்காக ஜான் பென்சம் என்பவர் லிங்கன் பேராலயத்தில் முதலில் நடத்தினார். அங்கிருந்து சின்ன ஊர் ஆலயங்கள் வரை போய்விட்டது. இதை மறக்கக் கூடாது: இது அடிப்படையில் ஒரு காணிக்கை ஆராதனை. பிள்ளைகள் தாங்கள் சேர்த்த காசை முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள், திரும்பும்போது கையில் கிறிஸ்டிங்கிளைப் பெறுவார்கள். கொடுத்துவிட்டு வாங்குவது என்கிற அந்த வரிசையில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது. நாலு வாரத்துக்கு முன்பே சின்ன உறையோ உண்டியலோ கொடுத்துவிடுங்கள், சேரும் பணம் எந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு அல்லது ஹாஸ்டலுக்குப் போகிறது என்று அன்றே சொல்லுங்கள். காணிக்கை இல்லாமல் பழத்தை மட்டும் விநியோகித்தால் அது அலங்காரமாக நின்றுவிடும்.

அர்த்தம்: உருண்டைப் பழம் உலகம். சிவப்பு நாடா, உலகம் முழுவதையும் சூழ்ந்த கிறிஸ்துவின் இரத்தம். நாலு குச்சியையும் அங்கே நாலு பருவகாலம் என்பார்கள். தமிழில் பருவம் ஆறு, இங்கே வெயிலும் மழையும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் நாலு திசை என்று சொல்லுங்கள், லூக்கா 13:29 அதற்குப் பொருந்தும். குச்சியில் உள்ளவை தேவன் தந்த விளைச்சல். மெழுகு உலகத்தின் ஒளியான கிறிஸ்து, யோவான் 8:12. இதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் பிள்ளைகள் கண்முன் ஒரு பழத்தை வெறுமனே எடுத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே சொல்லுங்கள். எட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

நேரம்: இங்கிலாந்தில் டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் அவர்கள் மதியம் மூன்றரைக்குக்கூட ஆரம்பிக்கலாம். சென்னையில் சூரியன் மறைய 5:45 ஆகும். 5:45-க்குத் துவக்கப் பாட்டு, ஏசாயா 9:2 வாசிப்பு, விளக்கம், காணிக்கை, கிறிஸ்டிங்கிள் கொடுத்தல். 6:20-க்கு விளக்கணைத்து ஏற்றினால் இருட்டு சரியாக இருக்கும். பாட்டு பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கீர்த்தனையாக இருக்கட்டும். ஒரு கையில் சுடரோடு பாமாலைப் புத்தகம் பிடிக்க முடியாது. 6:40-க்கு ஆசீர்வாதம்.

நாள்தான் சிக்கல். டிசம்பரில் நம் சபைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. கேரல் ரவுண்ட்ஸ், கேரல் சர்வீஸ், கிறிஸ்துமஸ் ட்ரீ, 24 இரவு, 25 காலை, 31 வாட்ச் நைட் என்கிற வருஷக் கடைசி இரவு ஆராதனை. இவற்றுக்கு நடுவே நுழைத்தால் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒத்திகைக்கு நேரம் இருக்காது. ஒத்திகை இல்லாமல் நெருப்பு வேண்டாம். இங்கிலாந்திலும் இதை அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்புக் காலம்) தொடங்கி பிப்ரவரி 2 வரை எப்போது வேண்டுமானாலும் வைப்பார்கள். பிப்ரவரி 2 குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருநாள், அங்கே 'கேண்டில்மஸ்' என்பார்கள், வருஷத்துக்கான மெழுகுகளை ஆசீர்வதிக்கிற நாள். சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி ஒளி என்று சொல்கிற பகுதி, லூக்கா 2:32, அன்றைய பாடம். பிள்ளைகளின் ஒளி ஆராதனைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை என்பது என் கருத்து. 2027-ல் பிப்ரவரி 2 செவ்வாய், அதனால் ஜனவரி 31 ஞாயிறு. மழையும் ஓய்ந்திருக்கும். சூரியன் மறைவது அப்போது 6:10 ஆகிவிடும், எல்லாவற்றையும் 25 நிமிஷம் தள்ளுங்கள்.

கல்மண்டபம் சண்டே ஸ்கூல்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஜனவரி 31 என்பதைக் கமிட்டியில் வைக்கிறேன். அப்படியானால் டிசம்பரில் பிள்ளைகளுக்கு என்று ஒன்றும் இல்லாமல் போகுமே. அட்வென்ட் வளையம் மட்டும் வைக்கலாமா? ஊதா மெழுகு இங்கே கிடைப்பதில்லை. இன்னொன்று, 'பழத்தில் குச்சி குத்தி, சிவப்புத் துணி சுற்றி, இது என்ன?' என்று சபையில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவருக்கு என்ன சொல்வது?

வியாசை கொயர்:

அட்வென்ட் வளையம் நல்ல யோசனை, செலவும் குறைவு. இதன் ஆரம்பமும் பிள்ளைகளிடம்தான். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் 4 பெரிய வெள்ளை மெழுகும் 20 சின்ன சிவப்பு மெழுகும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஞாயிறுக்குப் பெரியது, வார நாளுக்குச் சின்னது. இன்று ஆலயங்களில் நாலு ஞாயிறு மெழுகும் நடுவில் கிறிஸ்துமஸ் மெழுகும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

உங்களுக்கு வண்டிச் சக்கரம் வேண்டாம், பழைய சைக்கிள் ரிம் ஒன்று போதும். கம்பிகளைக் கழற்றி, கழுவி, பச்சைத் துணி சுற்றுங்கள். மெழுகை நேராக ரிம்மில் கட்டாதீர்கள். நாலு எவர்சில்வர் டம்ளரில் மணல் நிரப்பி அதில் நட்டு, டம்ளரை ரிம்மின் உள்பக்கம் கட்டுக்கம்பியால் இறுக்கினால் சாயாது. பச்சை இலைக்கு எல்லாரும் சவுக்குக் கொப்பை எடுப்பார்கள், கிறிஸ்துமஸ் மரத்துக்கு அதுதானே நம் வழக்கம். வளையத்துக்கு வேண்டாம். ஒரு வாரத்தில் காய்ந்து, சுடர் பட்டால் பொரி மாதிரி பற்றும். மாவிலையும் குரோட்டனும் வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் மாற்றுங்கள். நாலு வாரம் ஒரே இலை இந்த ஊரில் தாங்காது.

ஊதா மெழுகு கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகு வாங்கி, அடியில் மூன்று விரல் அகலத்துக்கு ஊதா ரிப்பன் சுற்றினால் போதும். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை. மெழுகின் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது, புகையும் நாற்றமும் வரும்.

இளஞ்சிவப்பு எந்த வாரம் என்பதில்தான் வருஷா வருஷம் குழப்பம். மூன்றாம் ஞாயிறுதான். பழைய வழக்கத்தில் அது 'சந்தோஷமாயிருங்கள்' என்ற பிலிப்பியர் 4:4-க்கான ஞாயிறு, நிறம் அதிலிருந்து வந்தது. இங்கிலாந்துச் சபைகளில் நாலு மெழுகுக்கு முற்பிதாக்கள், தீர்க்கதரிசிகள், யோவான்ஸ்நானன், மரியாள் என்றும் பொருள் சொல்வது உண்டு. அதைப் பார்த்து 'மரியாளுக்குத்தானே இளஞ்சிவப்பு' என்று நாலாம் வாரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி ஏற்பாடு. எதை எடுத்தாலும் முதல் வாரமே எழுதி ஆல்டர் பக்கம் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஞாயிறும் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு விவாதம் நடக்கும்.

2026-ல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் முதலில் அதையே ஏற்றி அப்புறம் புதியது, இப்படி. ஓர் அங்குலத் தடிமன் மெழுகு மணிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரையும், ஃபேன் கீழே இன்னும் வேகமாக. முதல் மெழுகு நாலு ஞாயிறும் ஒன்றரை மணி நேரம் எரிந்தால் ஆறு அங்குலம் போய்விடும், கேரல் சர்வீஸும் 24 இரவும் பாக்கி. அதனால் 10 அங்குல மெழுகு வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் பாட்டும் வாசிப்பும் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். நாலும் நாலு உயரத்தில் நிற்பதைப் பார்த்துச் சிலர் புதிது மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். காத்திருந்த வாரங்களைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த உயர வித்தியாசம்தான்.

ஏற்றுவதற்கு வாரம் ஒரு குடும்பத்தை அழையுங்கள்: பாட்டி ஏற்றட்டும், பேரன் வசனம் வாசிக்கட்டும். தீப்பெட்டி மழைக்காலத்தில் நமுத்துப்போகும், கேஸ் லைட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணை:

அந்தப் பெரியவர் முகம் சுளித்தது எனக்குப் புரிகிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தெருக்களில் சிவப்புத் தடவி, ஏதாவது குத்தின பழம் என்றால் திருஷ்டி கழிப்புதான் கண்ணில் வரும். செலவைக் குறைக்க எலுமிச்சை வைக்கலாமே என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள், அதற்கு வேறு அர்த்தம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஐயாவிடம் முன்கூட்டியே போய், பெரம்பூர் பிரதர் சொன்ன விளக்கத்தைச் சொல்லி, ஆராதனையில் மாதிரிப் பழத்தை அவர் கையாலேயே பொருத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். இன்னொன்று, பழத்தைத் தெருவில் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரிப்பனும் குச்சியுமாக முச்சந்தியில் கிடந்தால் பக்கத்து வீட்டார் மனம் சங்கடப்படும். அண்டை அயலாரோடு வாழ்கிற ஊர் இது.

டிசம்பருக்கு இன்னொரு யோசனையும் உண்டு. இங்கிலாந்தின் பல ஊர்களில் அட்வென்ட் முழுவதும் மரியாள், யோசேப்பு உருவங்கள் இரவுக்கு ஒரு வீடாகப் போய்த் தங்கும். மெக்சிகோவின் 'போசாடா' வழக்கத்திலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் முந்தின சாயங்காலம் ஆலயத்துக் குடிலுக்கு வந்து சேரும். நமக்கு வீட்டு ஜெபக்கூட்டம் பழகின விஷயம், அதோடு இதைச் சேர்த்துவிடலாம். நவம்பர் 29 தொடங்கி டிசம்பர் 23 வரை 25 இரவு, 25 வீடு. அட்டைப் பெட்டியில் இரண்டு உருவங்கள், ஒரு நோட்டுப் புத்தகம். அன்றைய வீட்டார் தங்கள் ஜெப விண்ணப்பத்தை ஒரு பக்கத்தில் எழுதி மறுநாள் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். கெட்டுப்போவது எங்கே என்றால், ஒரு வீட்டில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், பெட்டி அங்கேயே மூன்று நாள் கிடக்கும். தேதிப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்று வீடு ஒன்று எழுதி வையுங்கள். களிமண் பொம்மை வேண்டாம், பத்தாவது வீட்டுக்குள் கை உடைந்துவிடும். மரத்தில் அல்லது துணியில் செய்ததாக இருக்கட்டும். வாடகை ஒற்றை அறை வீடுகளையும் மறக்காமல் பட்டியலில் சேருங்கள். சத்திரத்தில் இடமில்லாமல் அலைந்தவர்களுக்கு இடம் கொடுப்பதுதானே இதன் பொருள், பெரிய வீடுகளாகப் பார்த்துப் போட்டால் அர்த்தமே போய்விடும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

விட்டுப்போன இரண்டு விஷயம். குத்தின பழத்தை அன்றிரவே சாப்பிடச் சொல்லுங்கள், மறுநாளுக்குப் புளித்துவிடும். வாசலில் இரண்டு டப்பா வைத்து, ஒன்றில் குச்சிகளையும் மற்றதில் மெழுகுத் துண்டு, ஃபாயில் இவற்றையும் போட்டுவிட்டு வெறும் பழத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் பழைய வண்ணை அண்ணன் சொன்ன சங்கடமும் வராது. 500 குச்சி கொடுத்தோம், எவ்வளவு திரும்பியது என்று ஒரு நோட்டம் பாருங்கள். பெஞ்சு இடுக்கில் ஒன்று கிடந்தாலும் அடுத்த ஞாயிறு யார் காலிலாவது ஏறும்.

தரையில் சொட்டிய மெழுகைச் சூட்டோடு தேய்க்காதீர்கள், பரவும். இறுகவிட்டு பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் தகடாக வரும். துணியில் விழுந்திருந்தால் ஐஸ் வைத்து இறுக்கி உதிர்த்துவிட்டு, மீதிக்கு மேலும் கீழும் பழுப்பு நிறத் தாள் வைத்து இளஞ்சூட்டில் அயர்ன் பண்ணுங்கள், தாள் உறிஞ்சிக்கொள்ளும். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். நைலான் துணிக்கு இது கூடாது, ஐஸ் மட்டும்தான். ஆல்டர் துணியில் மெழுகு விழாமல் இருக்க அன்றைக்கு மட்டும் அதன் மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு விரித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்.